காசு கொடுக்கும் தேடுபொறி, காசு வாங்கும் தளம்: எந்த வழியில் சின்னத் தளம் பிழைக்கும்?

1998இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களாக இருந்த செர்ஜி பிரினும் லாரி பேஜும் தங்கள் புதிய தேடுபொறியான கூகுளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். அதன் பின்னிணைப்பில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது: விளம்பரக் காசில் ஓடும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கமே சாயும், தேடுகிறவரின் தேவை பின்னுக்குப் போகும். ஓபன்டெக்ஸ்ட் என்ற அன்றைய தேடுபொறி மேலிடத்தைக் காசுக்கு விற்பதாக வந்த செய்தியையும் உதாரணம் காட்டியிருந்தார்கள்.

அன்றைக்குக் கவலை, தேடுபொறிக்கு வரும் காசைப் பற்றியது. இன்று தேடுபொறியே செய்தி நிறுவனங்களுக்கும் விவாதத் தளங்களுக்கும் காசு கொடுக்கிறது. கொடுப்பது நியாயம் என்றே நினைக்கிறேன். அலைந்து செய்தி சேகரிப்பவர் ஒருவர், அதை வைத்துச் சம்பாதிப்பவர் இன்னொருவர் என்றால் பங்கு கேட்பதில் என்ன தவறு? என் கவலை வேறு. ஒரு தாலுகாவின் ஏரிகளைப் பற்றித் தனியாளாக எழுதிவரும் ஒருவரின் தமிழ்த் தளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அவரோடு யாரும் ஒப்பந்தம் போடப்போவதில்லை. பெரிய இடங்களில் காசு கைமாறிய பிறகும், ஏரியின் பெயரைத் தட்டினால் அவருடைய பக்கம் மேலே வருமா? ஒவ்வொரு நாட்டு வழியையும் இந்தக் கேள்வியோடுதான் பார்த்தேன்.

வரிசையில் கீழே போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2017 ஜூனில் ஐரோப்பிய ஆணையம் கூகுளுக்கு 242 கோடி யூரோ அபராதம் போட்ட ஷாப்பிங் வழக்கில் அது வெளியே வந்தது. முதல் பக்கத்து முடிவுகளுக்கே சுமார் 95 சதவீத கிளிக் போய்விடுகிறது. இரண்டாம் பக்கத்தின் முதல் முடிவுக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு சதவீதம். கூகுளின் சொந்த விலை ஒப்பீட்டுச் சேவை உச்சியில் நிற்க, போட்டித் தளங்களில் மேலே வந்ததே சராசரியாக நான்காம் பக்கத்தில்தான் கிடந்தது. 2024 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உச்ச நீதிமன்றமும் அந்த அபராதத்தை உறுதி செய்தது.

ஜெர்மனி, ஸ்பெயின்

இரண்டும் சட்டம் போட்டுப் பார்த்த நாடுகள். 2013இல் ஜெர்மனி, தேடல் முடிவில் இணைப்போடு வரும் செய்தித் துணுக்கைக் காட்டக் காசு கேட்கும் உரிமையைப் பதிப்பாளர்களுக்குக் கொடுத்தது. வேண்டாம் என்றால் விட்டுக்கொடுக்கவும் செய்யலாம். கூகுள் காசு தர மறுத்து, அனுமதி தராதவர்களின் துணுக்கைச் சுருக்கிவிட்டது. ஆக்செல் ஸ்பிரிங்கர் என்ற பெரிய நிறுவனம் தன் நான்கு தளங்களை வைத்து இரண்டு வாரம் மல்லுக்கட்டிப் பார்த்தது. கூகுள் தேடலிலிருந்து வந்த வாசகர்கள் ஏறத்தாழ 40 சதவீதமும், கூகுள் நியூஸிலிருந்து வந்தவர்கள் 80 சதவீதமும் குறைந்தார்கள். 2014 நவம்பரில் இலவச அனுமதி கொடுத்துவிட்டது.

ஸ்பெயின் இதைப் பார்த்து, விட்டுக்கொடுக்கவே முடியாதபடி சட்டம் எழுதியது. 'எனக்குக் காசு வேண்டாம், என் இணைப்பைக் காட்டினால் போதும்' என்று ஒரு சின்னத் தளம் சொன்னாலும் செல்லாது. 2014 டிசம்பரில் கூகுள் நியூஸ் ஸ்பெயினில் கடையைக் கட்டியது. சட்டம் மாறி அது திரும்பி வர 2022 ஜூன் ஆனது. பேர்பெற்ற பத்திரிகையின் முகவரியை வாசகர் நேரே தட்டுவார். பேர் தெரியாத தளத்துக்குத்தான் அந்த ஏழரை வருடம் பாரமாக இருந்திருக்கும். இந்த இரண்டில் ஒன்று என்றால் ஜெர்மனி வழியே தேவலை, ஏரிக்காரர் தன் முடிவைத் தானே எடுக்கலாம்.

ஆஸ்திரேலியா, கனடா

2021 பிப்ரவரியில் வந்த ஆஸ்திரேலியச் சட்டத்தைப் பலரும் வெற்றிக் கதையாகச் சொல்கிறார்கள். அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒப்பந்தம் உள்ளவர், இல்லாதவர் என்று வரிசையில் பாகுபாடு காட்டக் கூடாது, பெரிய அல்காரிதம் மாற்றம் வருகிறது என்றால் 14 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் அதில் நல்ல விதிகள் உண்டு. ஆனால் அவை, அரசு பெயர் குறித்து அறிவிக்கும் நிறுவனங்களுக்கு மட்டும்தான். கூகுளும் ஃபேஸ்புக்கும் நியூஸ் கார்ப், நைன் போன்ற பெரிய நிறுவனங்களோடு தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டதால், எந்த நிறுவனத்தின் பெயரும் அறிவிக்கப்படவில்லை. காசு போய்ச் சேர்ந்தது, நடுநிலை விதி ஒருநாள்கூட நடைமுறைக்கு வரவில்லை. யாருக்கு எவ்வளவு என்பதும் ரகசியம். எஸ்பிஎஸ் என்ற பொது ஒளிபரப்பாளருக்கே ஃபேஸ்புக் கையை விரித்துவிட்டது.

கனடாவில் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா 2023 ஆகஸ்டில் செய்தியையே தன் தளங்களிலிருந்து தூக்கியது, இது பெரிய இழப்பு. கூகுள் மட்டும் ஆண்டுக்கு 10 கோடி கனடிய டாலர் தர ஒப்புக்கொண்டது. எனக்குப் பிடித்தது பங்கு பிரிக்கும் முறை. காசு ஒரே பொதுக் கூட்டமைப்புக்குப் போகிறது, அங்கிருந்து முழுநேரப் பத்திரிகையாளர் எண்ணிக்கையை வைத்துப் பிரிகிறது. பொது ஒளிபரப்பாளரான சிபிசிக்கு 7 சதவீதம்தான் உச்சவரம்பு. யாரோடும் தனிப்பேச்சு இல்லாததால், வரிசையைக் காட்டிப் பேரம் பேச இடமும் குறைவு.

பிரான்ஸ்

நடுநிலையை நேராகத் தொட்டது பிரான்ஸின் போட்டி ஆணையம். 2020 ஏப்ரலில் கூகுளைப் பேச்சுவார்த்தைக்கு உட்கார வைத்தபோதே ஒரு நிபந்தனை போட்டது: பேச்சு முடிந்தாலும் முறிந்தாலும், பதிப்பாளரின் பக்கம் தேடுபொறியின் பட்டியலான இண்டெக்ஸில் இருப்பதோ, வரிசையில் வரும் இடமோ, காட்டப்படும் விதமோ மாறக் கூடாது. ஜெர்மனியில் ஸ்பிரிங்கரை மண்டியிட வைத்தது எதுவோ, அதையே முதலில் கட்டிப்போட்டார்கள். நல்லெண்ணத்தோடு பேசவில்லை என்று 2021 ஜூலையில் 50 கோடி யூரோ அபராதம். 2024 மார்ச்சில் இன்னும் 25 கோடி. பதிப்பாளர்களிடம் சொல்லாமலே அவர்கள் எழுத்தை வைத்து பார்ட் என்ற ஏஐயைப் பயிற்றுவித்ததும் இரண்டாவது அபராதத்துக்கு ஒரு காரணம்.

ரெடிட் வழி

சட்டம் எதுவும் இல்லாமல், இரு நிறுவனங்கள் தாமாகக் கைகுலுக்குவது இந்த வழி. 2024 பிப்ரவரியில் கூகுளும், வாசகர்களே எழுதும் விவாதத் தளமான ரெடிட்டும் ஒப்பந்தம் போட்டன. ஆண்டுக்கு சுமார் 6 கோடி டாலர் என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. அதே ஆண்டு ஜூலையில் ரெடிட் தன் வாசலில் தொங்கும் ரோபாட்ஸ் கோப்பை மாற்றியது. எந்தத் தளத்திலும் கிராலர், அதாவது தேடுபொறிக்காகப் பக்கங்களைத் திரட்டும் இயந்திரம், வந்தவுடன் முதலில் படிப்பது அந்தக் கோப்பைத்தான். அதில் முக்கியமானவை இரண்டே வரிகள்:

யூசர்-ஏஜென்ட்: *
டிஸ்அலவ்: /

நட்சத்திரக் குறி என்றால் வருகிற எல்லா இயந்திரமும். சாய்கோடு என்றால் தளம் முழுக்க. யாரும் எதையும் எடுக்காதீர்கள் என்று பொருள். மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங் அதை மதித்து நின்றுவிட்டது. ஒப்பந்தம் உள்ள கூகுளில் மட்டும் புதிய பதிவுகள் தொடர்ந்து வந்தன. கூகுள் ஒப்பந்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஏஐக்கு எடுத்துப் பயன்படுத்த மாட்டோம் என்று மற்றவர்கள் உறுதி தரவில்லை என்பது ரெடிட் சொன்ன விளக்கம். விளக்கம் எதுவானாலும், சம்பளம் வாங்காத மனிதர்கள் எழுதிய பதில்கள் காசு கொடுத்த தேடுபொறியில் மட்டும் கிடைக்கும் நிலை வந்தது. ஏரிக்காரரின் தளத்தை இது நேரே தொடவில்லை. ஆனால் பெரிய தளங்கள் எல்லாம் இப்படிக் கதவைச் சாத்தினால் புதிதாக ஒரு தேடுபொறி முளைக்கவே முடியாது, அப்புறம் அவருக்குப் போக்கிடம் கூகுள் ஒன்றுதான். இருப்பதிலேயே மோசமான வழி இது.

தேடுகிறவரே சந்தா கட்டும் காகி போன்றவையும் உண்டு, அளவில்லாத தேடலுக்கு மாதம் 10 டாலர். விளம்பரச் சாய்வு இல்லை என்பது உண்மை, ஆனால் நம் ஊரில் எத்தனை பேரால் அதைக் கட்ட முடியும்? டக்டக்கோ இலவசம், ஆனால் பெரும்பாலும் பிங்கை நம்பி நிற்கிறது. 2024 மே 23 அன்று பிங் படுத்தபோது அதுவும் படுத்தது.

நம் பக்கம்

இந்தியாவில் கூகுள் தேடலின் சாய்வை எதிர்த்து வழக்கைத் தொடங்கியவர்களில் ஒருவர் சென்னைக்காரர். பாரத்மேட்ரிமோனியை நடத்தும் நிறுவனமும், கட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பும் கொடுத்த புகாரில் இந்தியப் போட்டி ஆணையம் 2018 பிப்ரவரியில் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தேடல் முடிவில் காட்டிய சாய்வோடு, கூகுளின் தேடல் வசதியைத் தன் தளத்தில் வைத்திருக்கும் பதிப்பாளர் வேறு தேடுபொறியின் சேவையை எடுக்கத் தடை போட்ட ஒப்பந்தங்களும் அந்த உத்தரவில் குற்றமாயின. செய்தி நிறுவனங்களின் டிஎன்பிஏ சங்கம் வருமானப் பங்கு கேட்டுக் கொடுத்த புகாரில் 2022 ஜனவரியில் விசாரணைக்கு உத்தரவிட்டார்கள்.

என்னைக் கேட்டால், இங்கே பிரான்ஸின் நிபந்தனையும் கனடாவின் பொதுப் பானையும் சேர்ந்து வேண்டும். பங்கு மட்டும் கேட்டு வாங்கினால், பெரிய நாளிதழ்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடும், ஆஸ்திரேலியாவில் அதுதான் நடந்தது.

அதோடு, பிரான்ஸின் நிபந்தனையை, தேடல் பக்கத்தில் ஏஐ எழுதிக் காட்டும் சுருக்கத்துக்கும் நீட்ட வேண்டும். கைபேசியில் எதையாவது தேடிப் பாருங்கள். பல நேரம் திரை முழுக்க அந்தச் சுருக்கம் வந்து நிற்கிறது, இணைப்புகளைப் பார்க்க விரலால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். கூகுளின் ஏஐயான ஜெமினியின் பயிற்சிக்குத் தன் எழுத்தைத் தராமலிருக்க 2023இல் கூகுள் ஒரு தனிக் குறி கொடுத்தது. தேடல் பக்கத்துச் சுருக்கம் அந்தக் குறிக்குக் கட்டுப்படாது. அதிலிருந்து விலக வேண்டுமானால் ஏரிக்காரர் தன் துணுக்கையும் சேர்த்து மறைக்க வேண்டும், அல்லது கூகுளின் கிராலருக்கே டிஸ்அலவ் எழுத வேண்டும். எழுதினால், ஏரியின் பெயரைத் தட்டுகிறவருக்கு அவர் பக்கத்தில் உள்ள ஒரு வரிகூடக் கண்ணில் படாது.