டிபி கில்லரில் போன 850 ரூபாயும் பட்டறையில் அடங்கிய உறுமலும்

போன வருடம் வாங்கிய பழைய பெட்ரோல் ஸ்விஃப்ட், 2014 மாடல். முன்னாடி வைத்திருந்த பையன் நடுவில் இருந்த சின்ன சைலன்சரை வெட்டி எடுத்துவிட்டு வெறும் குழாயைப் பற்றவைத்து, பின்னால் ஒரு ஸ்டீல் மஃப்ளரை (கடைசி சைலன்சர் டப்பா) மாட்டியிருந்தான். தெருவுக்குள் ஓட்டிப் பார்த்தபோது கெத்தாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அவிநாசி தாண்டி பைபாஸில் 80-ஐத் தொட்டதும்தான் வினை தெரிந்தது. 2,400 ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் கணக்கு) பக்கம் காதை அடைக்கிற மாதிரி ஓர் உறுமல். பின் சீட்டில் இருந்த அப்பா "டிராக்டர் எதுக்குடா வாங்குனே" என்று கேட்டுவிட்டு பெருமாநல்லூர் வரை வாயே திறக்கவில்லை, திறந்திருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது.

முதலில் ஆன்லைனில் டிபி கில்லர் வாங்கினேன், 850 ரூபாய். பின் குழாய்க்குள் செருகி ஒரு போல்ட்டில் முடுக்குகிற, ஓட்டை போட்ட சின்னக் குழல். வெளியே நிற்பவருக்குச் சத்தம் குறைந்தது உண்மை. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு அதே உறுமல், போதாததற்கு ஓவர்டேக் பண்ணும்போது வண்டி மூச்சுத் திணறியது. மூன்றாவது வாரம் போல்ட் தளர்ந்து டப்பாவுக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கினாற்போல் ஆட ஆரம்பித்தது. இந்த வேலைக்கு அதை வாங்காதீர்கள்.

அப்புறம்தான் சுந்தராபுரம் பக்கம் ஒரு சைலன்சர் பட்டறைக்குப் போனேன். போர்டு கூடக் கிடையாது. அந்த அண்ணன் வண்டியைத் தூக்கவே இல்லை, இன்ஜினை ஓடவிட்டு ஈரத் துணியால் பின் குழாயை ஒரு நிமிடம் பொத்தினார், முன் ஜாயின்ட்டில் 'புஸ்ஸ்' என்று காற்று பீறிட்டது. ஜாயின்ட்டை அடைக்கிற கேஸ்கெட் போயிருக்கிறது. இத்தனை நாள் நான் மஃப்ளரைத் திட்டிக்கொண்டிருந்ததில் பாதி அதற்குச் சேர வேண்டியதே இல்லை. அடுத்து பக்கத்தில் உட்கார்ந்து பொள்ளாச்சி ரோட்டில் என்னை ஓட்டச் சொல்லி, எந்த ஆர்பிஎம்மில் உறுமுகிறது என்று காது கொடுத்துக் கேட்டார். இதுவரை பார்த்த எந்தக் கடையிலும் யாரும் இதைச் செய்ததில்லை.

நான்கு சிலிண்டர் இன்ஜின், ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. 2,400-இல் நொடிக்கு 80 வெடிப்பு, அதாவது 80 ஹெர்ட்ஸ். நல்ல கனமான பாஸ். நேர்க் குழாய் மஃப்ளருக்குள் இருக்கும் கண்ணாடிப் பஞ்சு கீச்சுச் சத்தத்தைத்தான் தின்னும், "கீழ்ச் சத்தம் பஞ்சுக்கு அடங்காதுங்க" என்றார் அண்ணன். பக்கவாட்டில் நுனி அடைத்த ஒரு முட்டுக் குழாய் வைத்து அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் அடக்கலாம் என்று வீடியோவில் பார்த்திருந்தேன், கேட்டேன், சிரித்தார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டால் சூடான புகையில் ஒலி நொடிக்குச் சுமார் 500 மீட்டர் ஓடும், முட்டுக் குழாய் அந்த 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளத்தில் கால்வாசி இருக்க வேண்டும், அதாவது ஒன்றரை மீட்டருக்கு மேல். ஸ்விஃப்ட்டுக்கு அடியில் எங்கே வைப்பது?

அவர் செய்தது இவ்வளவுதான்: பழைய சைலன்சர் இருந்த அதே இடத்தில் உள்ளே அறை வைத்த தடித்த ரெசனேட்டர் (உறுமலை அடக்குகிற நடு டப்பா), புது கேஸ்கெட், குழாயைத் தொங்கவிடுகிற இரண்டு ஹேங்கர் ரப்பர். மொத்தம் 4,200 ரூபாய். அதே ரோடு, சத்தம் அளக்கிற அதே போன் ஆப், 80 கி.மீ. வேகத்தில் முன்பு 78 டெசிபல் காட்டியது இப்போது 71. போன் ஆப்பை அப்படியே நம்ப வேண்டாம், ஆனால் வித்தியாசத்துக்கு ஆப் தேவையே இல்லை, பாட்டு கேட்கிறது. போலீஸ் பயமும் கொஞ்சம் விட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இல் சத்தத்துக்கு முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம் போடலாம், லைசென்ஸும் மூன்று மாதம் போகும்.

குறையும் உண்டு. மதியம் தருகிறேன் என்றவர் ராத்திரி 7 மணிக்குத்தான் கொடுத்தார். பில் கிடையாது. வெல்டிங் பார்க்கச் சகிக்காது, மேலே அடித்த சில்வர் பெயின்ட் இரண்டு நாள் தீய்ந்து நாறியது. சாதா இரும்பு என்பதால் துருப்பிடிக்கும், அதை அவரே சொல்லிவிட்டார். ஒரிஜினல் செட் கிடைத்தால் அதையே போடச் சொன்னதும் அவர்தான், நான்தான் விலையைக் கேட்டுப் பின்வாங்கினேன்.

ஸ்பீடு பிரேக்கரில் இடது பக்க ரப்பர் மட்டும் இன்னும் லேசாகத் தட்டுகிறது. சனிக்கிழமை கொண்டு வரச் சொல்லியிருக்கிறார், காசு வேண்டாமாம்.