மை டேங்க்கா, லேசரா: பிரின்டர் வாங்கும் முன் ஒரு கணக்கு

வீட்டுக்கு மை டேங்க், அலுவலகத்துக்கு லேசர் என்பதுதான் பிரின்டர் வாங்கப் போகிறவர்களுக்குக் கடையில் வழக்கமாகக் கிடைக்கும் ஆலோசனை. இரண்டு வகையையும் சில ஆண்டுகள் வைத்துப் புழங்கிய பிறகு, பெரும்பாலானோருக்கு இந்த ஆலோசனை தலைகீழாக இருக்க வேண்டும் என்றே எனக்குப் படுகிறது. மாதத்துக்கு எத்தனை பக்கம் அச்சிடுவீர்கள் என்று கேட்கும் விற்பனையாளர், அந்தப் பிரின்டர் தொடர்ச்சியாக எத்தனை நாள் சும்மா கிடக்கும் என்று கேட்பதில்லை. உண்மையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

காரணம் மையின் தன்மையில் இருக்கிறது. டேங்க்கில் நாம் ஊற்றும் மையில் பெரும்பங்கு தண்ணீர். அது தலைமுடியைவிட மெல்லிய நூற்றுக்கணக்கான துளைகள் வழியே தாளின் மேல் தெளிக்கப்படுகிறது. எப்சன் பிரின்டர்களில் மின்னழுத்தத்தால் நெளியும் படிகம் மையைத் தள்ளுகிறது. கேனான், எச்பி பிரின்டர்களில் நொடியில் சூடாகும் மை குமிழியாகி வெளியேறுகிறது. எந்த முறையானாலும், பல நாள் பயன்படுத்தாமல் விட்டால் துளையின் வாயில் தண்ணீர் ஆவியாகிச் சாயம் மட்டும் இறுகிவிடும்.

எங்கள் வீட்டில் இது கோடை விடுமுறையில் நடந்தது. ஐந்து வாரம் ஊரில் இருந்துவிட்டுத் திரும்பி, மகளின் சேர்க்கைப் படிவத்தை அச்சிட்டபோது, எழுத்துகளுக்கு நடுவே சீப்பால் வாரியது போல வெள்ளைக் கோடுகள் விழுந்தன; மஞ்சள் அறவே வராததால், பச்சையாக இருக்க வேண்டிய பள்ளி முத்திரை வெளிர் நீலமாக வந்தது. கணினியிலிருந்தே ‘ஹெட் கிளீனிங்’, அதாவது மையைச் செலுத்தித் துளைகளைக் கழுவும் கட்டளையைக் கொடுத்தேன். மூன்றாவது முறை கொடுத்தபோது டேங்க்கில் மையின் மட்டம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியிருந்ததே தவிர, மஞ்சள் திரும்பவில்லை. அப்படிக் கழுவிய மை எங்கும் மறைந்து போவதில்லை. பிரின்டரின் அடியில் உள்ள பஞ்சில் போய்த் தேங்குகிறது. அந்தப் பஞ்சு நிரம்பிவிட்டதாக உள்ளிருக்கும் எண்ணி கணக்குக் காட்டும் நாளில் பிரின்டர் வேலையை நிறுத்திவிடும். கடைசியில் மெக்கானிக் ஊசிக்குழலால் திரவம் செலுத்தி அடைப்பை எடுத்தார். அவர் வாங்கிய கூலியில் நான்கு நிறத்துக்கும் புதிய மை வாங்கியிருக்கலாம்.

லேசரில் இந்தத் தொல்லை இல்லை. டோனர் என்பது நுண்ணிய பிளாஸ்டிக் தூள். அது டிரம் என்னும் உருளையின் மேல் மின்னூட்டத்தால் ஒட்டி, தாளுக்கு மாறி, ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருகிப் படிகிறது. தூளில் உலர்வதற்கு எதுவும் இல்லை என்பதால், ஆறு மாதம் மூடி வைத்திருந்த லேசரும் முதல் பக்கத்தையே தெளிவாகத் தந்துவிடும். மழைக்காலத்தில் தாள் ஈரம் இழுத்துச் சுருண்டு சிக்கிக்கொள்வது உண்டு; அதற்குத் தாள் கட்டை உறையோடு அலமாரியில் வைத்தால் போதும்.

இனி செலவு. எப்சனின் 003 வரிசைக் கறுப்பு மைப் புட்டி 65 மில்லி. அதில் 4,500 பக்கம் வரும் என்பது நிறுவனத்தின் கணக்கு. புட்டியை 500 ரூபாய் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் ஒரு பக்கத்துக்கு 11 பைசாதான் ஆகிறது. எச்பியின் பழைய 12ஏ டோனர் டப்பா 2,000 பக்கம் தரும். அதை 4,000 ரூபாய் என்று கொண்டால் பக்கத்துக்கு 2 ரூபாய். அதே டப்பாவை 300 ரூபாய்க்கு ரீஃபில் செய்து 1,500 பக்கம் எடுத்தால் 20 பைசா. இந்தப் பக்க எண்ணிக்கைகளெல்லாம் தாளின் பரப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கில் மட்டும் எழுத்து இருப்பதாகக் கொண்டவை என்பதை மறக்கக் கூடாது. ஓரமெல்லாம் கறுத்து விழும் ஆதார் நகலுக்கு அந்தக் கணக்கு செல்லாது.

இந்த விகிதங்களை வீட்டில் பொருத்திப் பாருங்கள். மாதம் 25 பக்கம் என்றால் ஆண்டுக்கு 300 பக்கம். மைக்கு 33 ரூபாய், ரீஃபில் டோனருக்கு 60 ரூபாய், அசல் டோனருக்கு 600 ரூபாய். டேங்க்கின் மலிவு வீட்டில் மிச்சப்படுத்துவது ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்தான். ஒரே ஒரு ஹெட் அடைப்பு அதை விழுங்கிவிடும். ஜெராக்ஸ் கடையிலோ ஒரு நாளைக்கு 200 பக்கம், ஆண்டுக்கு 300 நாள் என்று வைத்தால் 60,000 பக்கம். அங்கே மைக்கு ஏறத்தாழ 6,600 ரூபாய், ரீஃபிலுக்கு 12,000, அசல் டப்பாவுக்கு 1,20,000. நாள்தோறும் ஓடும் பிரின்டரில் மை உலர நேரமே கிடைப்பதில்லை என்பதால், டேங்க்கின் பலவீனம் கடைக்குள் தலைகாட்டுவதில்லை.

கடைக்கு டேங்க் பொருந்துவதற்கு மின்சாரம் இன்னொரு காரணம். டேங்க் பிரின்டர் அச்சிடும்போது 12 முதல் 15 வாட் வரைதான் இழுக்கும்; அதாவது இரண்டு எல்இடி பல்பு அளவு. லேசரோ தூளை உருக்கும் உருளையைச் சூடாக்கும் ஒவ்வொரு முறையும் பல நூறு வாட்டை ஒரே மூச்சில் இழுக்கிறது. லேசர் பிரின்டரை யுபிஎஸ்ஸில் செருக வேண்டாம் என்று யுபிஎஸ் தயாரிப்பாளர்களே சொல்வதற்கு இதுதான் காரணம். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை கரண்ட் நிறுத்தும் நாளில், சிறிய இன்வெர்ட்டரை வைத்துக்கொண்டு கடை நடத்துகிறவருக்கு டேங்க் மட்டுமே கைகொடுக்கும்.

ஆனால் எல்லாக் கடைக்கும் இதையே சொல்ல முடியாது. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் அடித்துக் கொடுப்பவர் டேங்க் வாங்கினால், எந்த மை என்று பார்த்தாக வேண்டும். எப்சன் 003 மை நான்கும் தண்ணீரில் கரையும் டை வகை; ஈரக் கை பட்டால் போதும், கறுப்பு ஊதாவாகப் பரவும். கேனான் ஜி வரிசையிலும் எச்பி டேங்க்குகளிலும் பெரும்பாலானவற்றில் கறுப்பு மட்டும் பிக்மென்ட், அதாவது தண்ணீரில் கரையாத நுண்துகள் வகை. அது தாளில் படிந்து காய்ந்தபின் தண்ணீருக்கு ஓரளவு ஈடுகொடுக்கும். நனைந்தாலும் அசையாதது டோனர்தான். அதற்கும் ஒரு குறை உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. டோனர் பிளாஸ்டிக் என்பதால், மலிவான பிவிசி உறைக்குள் ஆண்டுக்கணக்கில் அழுந்திக் கிடந்த பத்திரத்தை உருவும்போது எழுத்துகள் உறையின் உட்புறத்தில் கண்ணாடிப் பிம்பமாக ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மடிப்பு விழும் இடத்திலும் தூள் உதிர்ந்து, சர்வே எண்ணின் நடு இலக்கம் காணாமல் போயிருப்பதைப் பார்த்திருக்கிறேன். டோனரில் அடித்த பத்திரத்தை நான்காக மடிக்காமல், துணி அல்லது காகித உறையில் வைப்பது நல்லது.

வண்ணத்திலும் புகைப்படத்திலும் போட்டியே இல்லை, டேங்க்தான். வண்ண லேசர் இருக்கிறது, நான்கு டோனர் மாற்றும் செலவைக் கேட்டால் ஆசை அடங்கிவிடும். மை தெளிக்கும் இன்க்ஜெட் பிரின்டர்களுக்கான பளபளப்பான போட்டோ தாளை மட்டும் தவறியும் லேசருக்குள் விடாதீர்கள். சூட்டில் அதன் பூச்சு உருகி உருளையில் ஒட்டிக்கொண்டால் செலவு பெரியது. வேகத்தில் லேசர் முந்தும்: தொடக்க நிலை லேசரே நிமிடத்துக்கு 20 பக்கம் வரை தரும், அதே தரத்து டேங்க் 10 பக்கம் அளவில் நிற்கும்.

ஆக, பிள்ளைகளின் வீட்டுப்பாடம், ரயில் டிக்கெட், எப்போதாவது ஒரு விண்ணப்பம் என்று அச்சிடும் வீட்டுக்குக் கறுப்பு வெள்ளை லேசர். வாரத்தில் நான்கு நாளாவது வண்ணம் கேட்கும் வீட்டுக்கும், ஜெராக்ஸ் கடைக்கும், டியூஷன் மையத்துக்கும் டேங்க். பத்திரம் அடிக்கும் கடைக்கு லேசர், கூடவே ஒரு டேங்க் இருந்தால் கரண்ட் இல்லாத நாளுக்கு உதவும். ஏற்கெனவே வீட்டில் டேங்க் இருந்தால் விற்க வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒரு முறை நான்கு நிறமும் உள்ள ஒரு பக்கத்தை அச்சிட்டால் அடைப்பு வருவது பெருமளவு குறையும்.

லேசர் வாங்க முடிவெடுத்தவர்கள் பிரின்டரைப் பார்ப்பதற்கு முன்னால், உங்கள் ஊர் ரீஃபில் கடையில் எந்த டப்பா வரிசையாக அடுக்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். 12ஏ போன்ற பழைய டப்பாக்களை எந்தச் சிற்றூரிலும் நிரப்பித் தருவார்கள். சில புதிய மாடல்களில் டப்பாவில் உள்ள சிப், நிரப்பியதை ஏற்க மறுக்கும். பிரதர் பிரின்டர்களில் டோனரும் டிரம்மும் தனித்தனி; டிஆர்-2365 டிரம் 12,000 பக்கம் தாங்கும் என்கிறார்கள், அதுவரை தூள் டப்பாவை மட்டும் மாற்றினால் போதும். புதிய பிரின்டரோடு வரும் டப்பாவில் பெரும்பாலும் தூள் குறைவாகவே இருக்கும் என்பதையும், விலை பேசும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.