கோடை விடுமுறையில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது? முகாம், தாத்தா பாட்டி, வீட்டுக்கு ஆள், நாலு வீட்டு முறை: ஓர் ஒப்பீடு

கோடை விடுமுறை நெருங்கும்போது வீடுகளில் எழும் முதல் கேள்வி, 'பிள்ளையை எந்த வகுப்பில் சேர்க்கலாம்?' என்பதுதான். ஓவியமா, நீச்சலா, ரோபோட்டிக்ஸா என்று பேச்சு அங்கேயே சுற்றும். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு. அப்பாவும் அம்மாவும் வேலையில் இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பிள்ளை யார் பொறுப்பில் இருக்கும்? இதற்கு விடை கண்டுவிட்டு வகுப்புகளைத் தேடினால் திட்டம் நிற்கும். வரிசையை மாற்றினால் இரண்டாவது வாரமே ஆட்டம் கண்டுவிடும்.

முதலில் நாள் கணக்கு. விடுமுறை எட்டு வாரம் என்றால் 40 வேலை நாள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 132-ஆம் உடன்படிக்கை (1970) சொல்லும் குறைந்தபட்ச ஊதிய விடுப்பே ஆண்டுக்கு மூன்று வாரம்தான். அதை முழுவதும் கோடைக்கே செலவழிக்க யாராலும் முடியாது. ஆளுக்குப் பத்து நாள் ஒதுக்க முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். இருவரும் மாற்றி மாற்றி எடுத்தால் 20 நாள் சமாளிக்கலாம், சேர்ந்தே எடுத்தால் பத்துதான். ஒரு வாரம் குடும்பத்தோடு எங்காவது போய்வந்தால் பத்து நாள் விடுப்பு கரையும், அடைபடுவதோ ஐந்து நாள். மிச்சமுள்ள பத்தில் மூன்றைக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று வரும் நாட்களுக்காகக் கையில் வைத்தால் ஏழு. ஆக 12 நாள் உங்கள் பொறுப்பு, 28 நாளுக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

அடுத்து மணிக் கணக்கு. எட்டு மணி நேர வேலை, சாப்பாட்டு இடைவேளை, போக வர ஆகும் நேரம் எல்லாம் சேர்த்து நாளுக்குப் பத்து மணி, வாரத்துக்கு 50. காலை 9 முதல் 1 மணி வரை நடக்கும் அரைநாள் முகாம் இதில் 20 மணியைத்தான் அடைக்கும். அதோடு, நடுப்பகலில் யார் போய் அழைத்து வருவது என்ற புதுத் தலைவலியும் சேரும். அதனால் இரண்டு முகாம்களின் வாரக் கட்டணத்தை அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். கட்டணத்தை அது உண்மையில் அடைக்கும் மணிகளால் வகுத்துப் பாருங்கள். இரண்டு மடங்கு கட்டணம் கேட்கும் முழுநாள் முகாம் 45 மணி பார்த்துக்கொண்டால், மணிக்கு அதுதான் மலிவு.

முழுநாள் முகாம்

நம்பகமான நேரம், ஒத்த வயதுப் பிள்ளைகள், ஓடியாட இடம் மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது இதில்தான். ஐந்து முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குச் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவு உடலசைவு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு நல்ல முகாம் அதைக் காலையிலேயே முடித்துவிடும்.

விளம்பரத்தாளில் பதினான்கு செயல்பாடுகள் இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஐந்து நாளில் பதினான்கு என்றால் எதிலும் கை படிவதற்குள் அடுத்த அறைக்குப் போகச் சொல்வார்கள். சென்ற ஆண்டு ஏதாவது ஒரு புதன்கிழமை நடந்த கால அட்டவணையைக் கேளுங்கள். உண்மையில் நடத்தியவர்களிடம் அது இருக்கும். கூடவே மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய இரண்டு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அங்கே 'படம் பார்த்தல்' என்று இருந்தால், நீங்கள் கட்டும் பணத்தில் ஒரு பங்கு திரைக்குப் போகிறது.

எத்தனை பிள்ளைக்கு எத்தனை பெரியவர் என்பது அடுத்தது. அமெரிக்க முகாம் சங்கம் பகல் முகாம்களுக்குச் சொல்லும் அளவு: ஐந்து வயது வரை ஆறு பேருக்கு ஒருவர், 6–8 வயதில் எட்டுப் பேருக்கு ஒருவர், 9–14 வயதில் பத்துப் பேருக்கு ஒருவர். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் முகாமின் மொத்த எண்ணிக்கையைக் கேட்டால் அலுவலகத்தில் இருப்பவர், சமையல்காரர் எல்லாரையும் சேர்த்துச் சொல்வார்கள். 'சாப்பாட்டு வேளையில் எத்தனை பேர்? பஸ்ஸில் எத்தனை பேர்? நீச்சல் குளத்தில் எத்தனை பேர்?' என்று தனித்தனியாகக் கேளுங்கள். பெரியவர்களும் இடைவேளை எடுக்கும் நேரத்தில்தான் எண்ணிக்கை சரியும். பிள்ளைகள் விழுவதும் சண்டையிடுவதும் அந்த நேரத்தில்தான்.

வாரத்துக்கு ஒரு புது முகாம் என்று மாற்றி மாற்றிச் சேர்ப்பது பெற்றோருக்குப் பிடித்த திட்டம். பிள்ளைக்கு அது ஒவ்வொரு திங்கட்கிழமையும் புது இடம், புது முகம். கூச்சம் தெளிய இரண்டு மூன்று நாள் போய்விடும், வெள்ளிக்கிழமை வந்ததும் விடைபெற வேண்டும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளை என்றால் ஒரே முகாமில் தொடர்ந்து இரண்டு மூன்று வாரம் விடுவதோ, தெரிந்த பிள்ளை ஒருவரோடு சேர்ப்பதோ மேல்.

படிப்பு மறந்துவிடும் என்ற பயத்தில் பாட முகாமைத் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. கோடையில் சராசரியாக ஒரு மாதப் பாடம் அளவுக்குப் பின்னடைவு வருகிறது, கணக்கில் அது கூடுதல் என்று 1996-இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு சொன்னது. பிந்தைய ஆய்வுகள் சில அந்த அளவையே கேள்விக்குள்ளாக்கின. தினமும் இருபது நிமிடம் விரும்பிய புத்தகம், கடைக் கணக்கு, சீட்டு விளையாட்டு இவை போதும் என்பதே என் துணிபு. அதற்காக விடுமுறையைப் பள்ளியாக்க வேண்டியதில்லை.

தாத்தா பாட்டி

நேரம் வளையும், பாசத்துக்குக் குறைவில்லை. முகாமில் சேர்க்க மறுக்கும் சளிக் காய்ச்சல் பிள்ளையையும் வைத்துக்கொள்வார்கள். வேறு எந்த ஏற்பாட்டிலும் இது கிடைக்காது. குறை அவர்கள் உடம்பில்தான். நான்கு வயதுப் பிள்ளையின் பின்னால் பத்து மணி நேரம் ஓட 70 வயது முழங்காலால் முடியாது. முடியவில்லை என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். மதியத்துக்கு மேல் டிவி ஓடிக்கொண்டே இருந்தால் அதை அவர்களுடைய களைப்பின் அடையாளமாக எடுத்துக்கொள்ளுங்கள், குறை சொல்லாதீர்கள்.

பிள்ளையை விடும் முன் அந்த வீட்டை முழங்கால் உயரத்தில் இருந்து ஒருமுறை பாருங்கள். நாள்வாரியாகப் பிரித்து வைத்த மாத்திரைப் பெட்டி பெரும்பாலும் குழந்தைகள் திறக்க முடியாத மூடி கொண்டதல்ல. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரை ஒன்றிரண்டே சிறு பிள்ளைக்கு ஆபத்து. காது கேட்கும் கருவி, சிறு ரிமோட் போன்றவற்றில் இருக்கும் பட்டன் பேட்டரி அதைவிட மோசம். விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் சதையை அரித்துவிடும். 'வெளியே வந்துவிடும், பார்க்கலாம்' என்று காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைதான்.

காலையில் அரைநாள் முகாம், மதியம் தாத்தா பாட்டி, அதுவும் வாரத்துக்கு மூன்று நாள். இந்தச் சேர்க்கை இரண்டின் குறையையும் சரிசெய்கிறது. முகாமிலிருந்து அழைத்துவரும் வேலையை மட்டும் அவர்கள் தலையில் கட்டாதீர்கள்.

வீட்டுக்கு ஆள் வைப்பது

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டுக்கும், வேலை நேரம் மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கும் இதுதான் பொருந்தும். மற்றவர்களுக்குச் செலவு அதிகம். எட்டு வாரத்துக்கு மட்டும் என்றால் நல்ல ஆள் கிடைப்பதும் கடினம். முந்தைய வீட்டாரிடம் 'நல்லவரா?' என்று கேட்டால் யாரும் நல்லவர் என்றுதான் சொல்வார்கள். 'மறுபடியும் வைத்துக்கொள்வீர்களா?' என்று கேட்டுவிட்டுப் பதில் வரும் வேகத்தைக் கவனியுங்கள். விடுமுறைக்கு முந்தைய வாரமே வரச்சொல்லி, நீங்கள் வீட்டில் இருக்கும்போது இரண்டு மூன்று நாள் அவரையே எல்லாம் செய்ய விடுங்கள். இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை, அவர் வராத நாளில் எதுவுமே இல்லை என்பது. கையில் வைத்த மூன்று விடுப்பு நாள் முதலில் கரைவது இங்கேதான்.

நாலு வீடு முறைவைத்துப் பார்ப்பது

நான்கு வீட்டார் சேர்ந்து, நாளுக்கு ஒரு வீடாக முறைபோட்டு எல்லார் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வது இது. 4 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்கு என் முதல் தேர்வு இதுதான். செலவு அநேகமாக இல்லை, பிள்ளைகளுக்குத் தெரிந்த முகங்கள், தெரிந்த வீடுகள். பெற்றோரில் ஒருவராவது வாரத்தில் ஒரு வேலை நாளை விடுவித்துக்கொள்ள முடிய வேண்டும் என்பதே நிபந்தனை. பல இடங்களில் இது ஆரம்பித்த வேகத்தில் நின்றுபோவதற்குக் காரணம் கணக்கு வைக்காததுதான். 'நமக்குள் என்ன கணக்கு' என்று தொடங்கினால் மூன்றாம் வாரம் மனக்கசப்பில் முடியும்.

ஒரு பிள்ளையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டால் ஒரு புள்ளி என்று வையுங்கள். நான்கு வீடு. மூன்று வீட்டில் ஒவ்வொரு பிள்ளை, நான்காம் வீட்டில் இரண்டு. நாளுக்கு ஆறு மணி நேரம். ஒற்றைப் பிள்ளை வீடு தன் முறையன்று மற்ற நான்கு பிள்ளைகளைப் பார்க்கிறது: 24 புள்ளி வரவு. மற்ற நான்கு நாள் தன் பிள்ளையை அனுப்புகிறது: நான்கு நாள், ஆறு மணி, 24 செலவு. இரண்டு பிள்ளை வீடு தன் முறையன்று மூன்று பிள்ளைகளைத்தான் கூடுதலாகப் பார்க்கிறது: 18 வரவு. எனவே அந்த வீடு வாரத்துக்கு இரண்டு நாள் எடுத்தால் 36 வரவு. மிச்ச மூன்று நாளில் இரண்டு பிள்ளைகளுக்கு ஆகும் செலவும் 36. ஐந்து நாளும் அடைபட்டு எல்லார் கணக்கும் நேராகிறது. ஆளுக்கு ஒரு நாள் என்று மேம்போக்காகப் பிரித்திருந்தால், ஒற்றைப் பிள்ளை வீடுகள் மூன்றும் ஒவ்வொரு வாரமும் ஆறு புள்ளி கூடுதலாக உழைத்திருக்கும், ஐந்தாம் நாளும் திறந்தே கிடந்திருக்கும்.

ஆறு மணி நேரம் முழு வேலை நாளை மூடாது என்பதையும் மறக்க வேண்டாம். காலையில் ஒருவர் தாமதமாகக் கிளம்பி, மாலையில் மற்றவர் சீக்கிரம் திரும்ப முடிந்தால்தான் இது ஒத்துவரும். முடியாதவர்கள் எட்டு மணி என்று பேசிக்கொள்ளலாம், விகிதம் அதேதான்.

தொடங்கும் முன் நான்கு வீட்டாரும் உட்கார்ந்து எழுதிவைக்க வேண்டியவை உண்டு. காய்ச்சல் வந்த பிள்ளை, மருந்து இல்லாமலே காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆன பிறகுதான் வரலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் நின்று 48 மணி நேரம். எந்த உணவு எந்தப் பிள்ளைக்கு ஒவ்வாது, திரை எவ்வளவு நேரம், யாருடைய வண்டியில் போகலாம், யார் மட்டும் வந்து அழைத்துப் போகலாம். அழைக்க வரத் தாமதமானால் ஒவ்வொரு கால் மணிக்கும் ஒரு புள்ளி. இதில் கூச்சப்படாதீர்கள். தாமதம்தான் இந்த ஏற்பாட்டை முதலில் கெடுக்கும்.

பெரியவர் ஒருவருக்கு, தன் பிள்ளையும் சேர்த்து, ஐந்து பிள்ளைக்கு மேல் வேண்டாம். முகாமில் எட்டுப் பேரைப் பார்ப்பவருக்குச் சமையல் வேலை இல்லை, அழைத்தால் வர இன்னொருவரும் இருக்கிறார். வீட்டில் அப்படி இல்லை. ஒரு பிள்ளை விழுந்து கை உடைந்தால் மருத்துவமனைக்கு யார் போவது, மற்ற நான்கு பேரோடு யார் இருப்பது? பத்து நிமிடத்தில் வந்துசேரக்கூடிய ஒருவரின் பெயரை ஒவ்வொரு நாளுக்கும் எதிரே எழுதுங்கள். அப்படி ஒருவர் கிடைக்காத நாளை முறையில் சேர்க்காதீர்கள்.

வெளியூர்த் தங்கும் முகாமும் வீட்டில் தனியாகவும்

தங்கும் முகாம் இரவு பகலாகப் பார்த்துக்கொள்ளும், ஆனால் ஒன்றிரண்டு வாரத்துக்குத்தான். உறவினர் வீட்டில் இரண்டு இரவாவது அழாமல் தங்கிய பிள்ளைதானா என்று பாருங்கள், வயதைவிட அது நம்பகமான அளவு. 'பிடிக்காவிட்டால் உடனே வந்து கூட்டிப்போகிறேன்' என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். இந்த இடம் உனக்குச் சரிவராது என்று நீங்களே நினைப்பதாகப் பிள்ளை எடுத்துக்கொள்ளும். முதல் நாளிலிருந்தே திரும்புவதைப் பற்றித்தான் நினைக்கும்.

பிள்ளையைத் தனியாக விடக்கூடிய வயது நாட்டுக்கு நாடு சட்டத்தில் மாறும், முதலில் அதைப் பாருங்கள். பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரம் தனிமை ஒத்துவரும், பத்து மணி நேரம் ஒத்துவராது. ஒரு மணியில் தொடங்கிக் கூட்டுங்கள். பெரிய பிள்ளையைத் தம்பி தங்கைக்குக் காவல் வைத்து நாள் முழுக்கப் போய்விடுவது திட்டமே அல்ல. அது அந்தப் பிள்ளையின் விடுமுறையைப் பறிப்பது.

தண்ணீர்

எந்த ஏற்பாட்டைத் தேர்ந்தெடுத்தாலும் இதை விடக் கூடாது. 2021-இல் உலகெங்கும் சுமார் மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் கிட்டத்தட்ட கால்பங்கு ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். மூழ்கும் குழந்தை கத்தாது, கையை வீசாது, சத்தமில்லாமல் இறங்கிவிடும். ஆறு வயதுக்கு மேல் ஒரே ஒரு வகுப்புக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அது நீச்சலாக இருக்கட்டும். கற்றுக்கொண்ட பிள்ளையையும் கண்காணிக்காமல் விடலாம் என்று அர்த்தமல்ல. குளத்தருகே பெரியவர்கள் ஐந்து பேர் இருந்தால் ஐந்து பேரும் மற்றவர் பார்ப்பார் என்று நினைப்பார்கள். ஒருவரைப் பெயர் சொல்லி நியமித்து, போனை வாங்கி வைத்துவிட்டு, கால் மணிக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். நீந்தத் தெரியாத பிள்ளை எப்போதும் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும்.

எதை எப்போது முடிவுசெய்வது

முழுநாள் முகாமும் நீச்சல் வகுப்பும் முதலில் நிரம்பும். அவற்றை மூன்று மாதம் முன்பே பதிவுசெய்யுங்கள், முன்பணம் எந்தத் தேதி வரை திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். நாலு வீட்டுப் பேச்சை இரண்டு மாதம் முன்பு தொடங்கி, ஒரு சனிக்கிழமை ஒத்திகை பார்த்துவிடலாம். தாத்தா பாட்டியிடம் தேதி போட்டுக் கேளுங்கள். 'கோடைக்கு வருவீர்கள்தானே' என்ற பேச்சில் இரு தரப்பும் வேறு வேறு வாரத்தை நினைத்துக்கொண்டிருக்கும்.

விடுப்பை வைக்கும் இடமும் முக்கியம். பலர் அதை முதல் வாரத்திலேயே எடுத்துவிடுகிறார்கள். பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம்தான் உண்மையில் காலியாகக் கிடக்கும். முகாம்கள் முடிந்திருக்கும், தாத்தா பாட்டி களைத்திருப்பார்கள், வீட்டுக்கு வந்தவர் கிளம்பியிருப்பார். சீருடை அளவு, பல் மருத்துவர், தூக்க நேரத்தைத் தினம் கால் மணியாக முன்னுக்குக் கொண்டுவருவது எல்லாம் அந்த வாரத்து வேலைகள். மீதமிருக்கும் ஏழு நாளில் ஐந்தை அங்கே வையுங்கள்.