ஓரத்தில் நின்று குதித்தால்: எட்டு மாத விளையாட்டு அனுபவம்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறைக் கணினியில் கடந்த எட்டு மாதங்களாக ஒரே பிளாட்ஃபார்மர் கேமை, அதாவது மேடைக்கு மேடை தாவிச் செல்லும் விளையாட்டை, நானும் என் அக்கா மகனும் மாறி மாறி ஆடிவருகிறோம். சிறு குழு ஒன்று உருவாக்கிய இருபரிமாண விளையாட்டு அது. இங்கே நான் சொல்லப்போகும் குறைகள் இவ்வகையில் வரும் வேறு பல சிறு விளையாட்டுகளுக்கும் பொருந்தும் என்பதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். முதல் வாரத்தில் எழுதியிருந்தால் இது வெறும் பாராட்டாக இருந்திருக்கும்.

பாராட்டுவதற்குக் காரணம் ஒரு கயிறு. நாயகன் கையிலுள்ள கொக்கிக் கயிற்றை உயரத்திலுள்ள வளையத்தில் வீசி மாட்டி, ஊஞ்சல்போல் ஆடி, வேண்டிய கணத்தில் விட்டால், ஆடிச் சேர்த்த வேகம் முழுவதும் தாவலுக்கு வந்துவிடும். உச்சிக்குப் போனபின் விட்டால் வேகம் வற்றிப்போய் நேராகக் கீழே விழுவோம். அடிமட்டத்தைக் கடந்து மேலேறத் தொடங்கிய சற்று நேரத்தில் விட்டால் மிகத் தொலைவு பறப்போம். இதை எந்த அறிவிப்பும் சொல்லித் தருவதில்லை. 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸின் முதல் கட்டம், எழுத்தில் எதையும் விளக்காமல், எதிரியையும் பள்ளத்தையும் வைத்த இடங்களாலேயே ஆடுபவருக்குக் கற்பித்ததைப்போல, இங்கும் வளையங்கள் தொங்கும் இடங்களே நமக்கு ஆசிரியர்கள். பல கட்டங்களைச் சேர்த்த தொகுதியை இந்த விளையாட்டில் 'உலகம்' என்கிறார்கள்; அதில் மூன்றாம் உலகில் தரையைத் தொடாமல் ஏழு வளையங்களைக் கடக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. அதை எத்தனை முறை ஆடியிருப்பேன் என்று எண்ணவில்லை. இன்றும் அது எனக்குச் சலிக்கவில்லை.

ஆனால் சாதாரணமான தாவலில்தான் இந்த விளையாட்டு தடுமாறுகிறது. "நான் அழுத்தினேன் மாமா, அதுதான் குதிக்கல" என்று பையன் முதல் மாதமே சொன்னான். அவனுடைய அவசரம்தான் காரணம் என்று நினைத்தேன். பிறகு எனக்கும் அதே நேர்ந்தபோது, பர்மா பஜாரில் வாங்கிய கன்ட்ரோலரில் கோளாறோ என்று சந்தேகப்பட்டு, விசைப்பலகையிலும் ஆடிப்பார்த்தேன். பலன் ஒன்றுதான். கடைசியில், திரையும் விசைப்பலகையும் சேர்ந்து தெரியும்படி கைப்பேசியை நிறுத்தி, நொடிக்கு 240 ஃபிரேம் (தனித்தனிப் படம்) வேகத்தில் படம்பிடித்து மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது விஷயம் விளங்கியது: கால் மேடையின் ஓரத்தைத் தாண்டிய மறுகணமே தாவலுக்கான அனுமதி போய்விடுகிறது.

நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் விளையாட்டில் ஒரு ஃபிரேம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. அவ்வளவு துல்லியமாக ஓரத்தைக் கணித்து அழுத்த மனிதக் கையால் ஒவ்வொரு முறையும் முடியாது. அதனால்தான் நல்ல பிளாட்ஃபார்மர்கள், ஓரத்தைத் தாண்டிய பிறகும் சிறிது நேரம் தாவ அனுமதிக்கின்றன; 2018இல் வெளிவந்த செலஸ்ட் இதற்கு 0.1 நொடி தருகிறது, அதாவது ஆறு ஃபிரேம். அதேபோல், தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே பொத்தானை அழுத்திவிட்டாலும் அதை நினைவில் வைத்துத் தொட்டவுடன் தாவ வைக்கும் வழக்கமும் உண்டு. எங்கள் விளையாட்டில் இவ்விரண்டும் இல்லை. கடினமான கட்டத்தில் தோற்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. கேரம் ஆடியவர்களுக்கு இது புரியும்: பலகையில் பவுடர் சரியாகப் பரவாத இடத்தில் ஸ்ட்ரைக்கர் இழுபட்டு, குறி சரியாக இருந்தும் காய் பாக்கெட்டுக்கு முன்பே நின்றுவிடும்போது, ஆடியவருக்கு வரும் வருத்தம் தோல்வியால் வருவதல்ல.

நான்காம் உலகில் மழைக் காட்சி வந்ததும் எங்கள் பழைய கணினியில் ஃபிரேம் வேகம் பாதியாகிறது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம்; ஆனால் அதோடு தாவலின் உயரமும் மாறுகிறது என்பதே பெருங்குறை. காட்சியை வரையும் வேகத்தோடு இயக்கக் கணக்கையும் பிணைத்துவிட்டால் இப்படித்தான் ஆகும். கணக்கின் ஒவ்வொரு படியும் நீளும்போது பிழையும் வளர்கிறது. நிலையான கால இடைவெளியில் இயக்கத்தைத் தனியாகக் கணக்கிடும் முறை பல ஆண்டுகளாக எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

கேமரா கீழ்நோக்கி வரத் தாமதிப்பதால் சில இடங்களில் கண்ணை மூடிக்கொண்டு குதிப்பதுபோல் இருக்கிறது. தொடக்கத்தில் கட்டம் முடிந்தால் மட்டுமே சேவ் ஆகும் என்பதால், ஒருநாள் மாலை மின்சாரம் போனதும் யூபிஎஸ் இல்லாத எங்கள் கணினியில் அரைமணி நேர உழைப்பு வீணாயிற்று. இரண்டாம் மாதத்தில் வந்த அப்டேட் இதைச் சரிசெய்து, கட்டத்தின் நடுவிலும் சேவ் ஆகும்படி செய்தது. அந்தக் குழு ஆடுபவர்கள் சொல்வதைக் கேட்கிறது என்பதற்கு அதுவே சான்று. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். கயிற்றை இவ்வளவு நுட்பமாக வடிவமைத்தவர்களுக்கு ஓரத்தில் ஆறு ஃபிரேம் தருவது பெரிய வேலையாக இருக்காது.

சற்றுப் புதிய கணினி வைத்திருப்பவர்கள், தள்ளுபடி வரும்போது, தயங்காமல் வாங்கலாம். பத்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கு என்றால் அடுத்த அப்டேட் வரை காத்திருக்கச் சொல்வேன்; அந்த வயதில் விளையாட்டின் பிழையைத் தன் பிழையாக எடுத்துக்கொள்வார்கள். முதல் மாதத்தில் நானும் என் அக்கா மகனிடம் அப்படித்தான் சொன்னேன், அவனும் அதை நம்பிவிட்டான். இப்போது ஒவ்வொரு அப்டேட் வந்ததும் அவனே கைப்பேசியை நிறுத்திவைத்து, முதல் கட்டத்தின் முதல் மேடை ஓரத்திலிருந்து குதித்துப் பார்க்கிறான்.