ஓவனில் கறி: உள்ளேயே இருக்கும் புரோபா, கையில் பிடித்துக் குத்தும் தெர்மாமீட்டரா?

முழுக்கோழியோ ஆட்டுத்தொடையோ ஓவனில் வைத்தால், உள்ளே வெந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள மூன்று வழி உண்டு. கடிகாரம் பார்ப்பது, ஆரம்பத்திலேயே கறிக்குள் செருகிவிடும், வயரோடு கூடிய சூடளக்கும் ஊசியான புரோப், அவ்வப்போது கதவைத் திறந்து குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர்.

கடிகாரத்தை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். "அரைக் கிலோவுக்கு 20 நிமிடம், அதற்கு மேல் ஒரு 20" என்ற கணக்கு, ஃபிரிட்ஜிலிருந்து நேராக வந்த கோழிக்கும் வெகுநேரம் வெளியே இருந்த கோழிக்கும் ஒரே பதிலைத்தான் தரும். போதாததற்கு, வீட்டு ஓடிஜியில் (மேடையில் வைக்கும் சிறிய மின் ஓவன்) 180 என்று திருகி வைத்தாலும் உள்ளே சூடு அதற்கு மேலும் கீழுமாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். நிறமும் கைகொடுக்காது. நன்றாக வெந்த கோழியிலும் எலும்போரம் சிவப்பு தெரிவதுண்டு.

ஆகவே உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். எந்தக் கறி என்பதைப் பொறுத்து வெற்றி மாறுகிறது.

ஆட்டுத்தொடை என்றால் புரோப்தான். ஒரே பெரிய தசைத்தொகுதி, நடுவில் ஓர் இடம், அடைய வேண்டிய சூடு ஒன்று. நுனியைக் கனமான பகுதியின் நடுவே, எலும்பைத் தொடாமல் நிறுத்திவிட்டால் போதும். வயர் கதவிடுக்கு வழியாக வெளியே வந்து எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும், கதவைத் திறக்கவே வேண்டாம். அமெரிக்க வேளாண் துறை முழுத்துண்டு ஆட்டுக்கறிக்குச் சொல்வது 63 டிகிரி செல்சியஸ், பிறகு 3 நிமிடம் ஆறவிட வேண்டும். பன்றிக்கறிக்கு 71 என்றிருந்ததையும் 2011இல் இதே 63க்குக் குறைத்தார்கள். புரோபின் பெரிய லாபம் கறியை வெளியே எடுத்த பிறகுதான் தெரியும். மேற்பரப்பின் சூடு உள்ளே இறங்கிக்கொண்டே இருப்பதால், மேடையில் சும்மா இருக்கும் தொடையில் எண் இன்னும் ஐந்தாறு டிகிரி ஏறும். அதைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டால், அடுத்த முறை சற்று முன்னதாகவே எடுத்துவிடுவீர்கள். ஆறும்வரை புரோபை உருவாதீர்கள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். இணையத்தில் கிடைக்கும் அட்டவணைகள் இளம் செம்மறிக்கு எழுதியவை. நம் ஊர்க் கடையில் மட்டன் என்று கிடைக்கும் வெள்ளாட்டுத் தொடையை 63இல் எடுத்தால் பாதுகாப்பாக இருக்கும், ஆனால் பல்லோடு மல்லுக்கு நிற்கும். அதன் சவ்வு கரைய வேண்டுமானால் மூடி வைத்து, நிதானமான சூட்டில் 90 டிகிரி வரை கொண்டுபோக வேண்டும். அவ்வளவு நேரம் வேகும் கறிக்கு, உள்ளேயே இருக்கும் புரோபைவிடப் பொருத்தமானது வேறில்லை.

கோழிக்கு வந்தால் கதை மாறிவிடுகிறது. நெஞ்சுக்கறி 74ஐத் தாண்டத் தாண்ட வறண்டு போகும். தொடையோ 80ஐத் தொட்டால்தான் நன்றாக இருக்கும். ஒரே பறவையில் இரண்டு கறி, ஆனால் புரோபுக்குத் தெரிவது ஒரே புள்ளி. அந்தப் புள்ளியும் தவறலாம்: நெஞ்சு மெல்லியது, நுனி கொஞ்சம் கூடுதலாக இறங்கினால் வயிற்றுக் குழியின் சூடான காற்றைத்தான் அளக்கும். குறித்த சூடு வந்துவிட்டதென்று அலாரம் அடித்துவிடும், கறி வெந்திருக்காது.

கைத் தெர்மாமீட்டரில் அந்தச் சிக்கல் இல்லை. ஊசியை ஆழமாக இறக்கிவிட்டு மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். எண் 79, 73, 68 என்று இறங்கி, மறுபடி 71 என்று ஏறத் தொடங்கும். அந்த 68தான் கோழியின் உண்மையான நடுப்பகுதி; இன்னும் சற்று நேரம் வேக வேண்டும். அதே கையோடு இரண்டு தொடைகளையும், தொடை உடலோடு சேரும் மடிப்பையும் பார்த்துவிடலாம். நல்ல டிஜிட்டல் ஊசி இரண்டு மூன்று விநாடியில் எண் காட்டும். வட்ட முகப்புள்ள பழைய டயல் வகையை வாங்காதீர்கள்: ஊசியில் ஏறக்குறைய 5 செ.மீ. நீளத்துக்குமான சராசரியைக் காட்டுவதால், கோழி நெஞ்சுக்கு அது உதவாது.

வயரில்லாத புரோப்களும் வந்துவிட்டன. வசதிதான், ஆனால் ஓவனின் உலோகச் சுவர் சிக்னலை மறைக்கும். தவிர, பல மாடல்களில் கறிக்குள் இருக்க வேண்டிய பகுதி 100 டிகிரிக்குச் சற்று மேல்வரைதான் தாங்கும். அதனால் குறித்திருக்கும் கோடு வரை முழுதாகப் புதைக்க வேண்டும். சின்னக் கோழியில் அதற்கு இடம் போதாது.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கைத் தெர்மாமீட்டரை வாங்குங்கள். ஆட்டுத்தொடைக்கு இரண்டு மூன்று முறை கதவைத் திறந்து சமாளித்துவிடலாம். புரோபை வைத்துக்கொண்டு கோழியில் இடம் தேட முடியாது. எதை வாங்கினாலும் முதல் நாளே ஒரு டம்ளர் நிறைய ஐஸ் போட்டு, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, நுனியை நடுவில் பிடித்துப் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். கொதிநீரில் சோதிப்பவர்கள் ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருந்தால் 100ஐ எதிர்பார்க்காதீர்கள், அந்த உயரத்தில் தண்ணீர் 93 வாக்கிலேயே கொதித்துவிடும்.