மேசை டீமேக்னடைசர்: ஆறு மாதம் பயன்படுத்திய பிறகு

எங்கள் கல்லூரி மாணவர்கள் 10 செ.மீ. அகலத்தில் சிறு செயற்கைக்கோள் ஒன்றைக் கட்டிவருகிறார்கள். பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் உணரிதான் அதன் உயிர். பணிமனை என் பொறுப்பு. 'காந்தம் ஒட்டாது' என்ற சொல்லை நம்பி 304 ரக எவர்சில்வர் திருகுகளை வாங்கினேன். உணரியிலிருந்து 5 செ.மீ. தள்ளி ஒன்றை வைத்ததும் அளவு 160 நானோடெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு) தாவியது. 304 இயல்பில் காந்தம் ஏற்காத உலோகம்தான். ஆனால் மரையை உருட்டி அழுத்தும்போது அதன் படிக அமைப்பு மாறி, அந்த இடம் மட்டும் இரும்பின் குணத்துக்குப் போய்விடுகிறது.

அதற்காகத்தான் டீமேக்னடைசர் என்ற இந்தப் பெட்டியை வாங்கினேன்; பொருளில் ஏறிய காந்தத்தை நீக்குவதுதான் இதன் வேலை. கிரைண்டிங் பட்டறைகளில் பார்த்திருப்பீர்கள். விலை 4,000 ரூபாய்க்குள்.

நன்றாகவே வேலை செய்கிறது. திருகை மேலே வைத்துச் சுவிட்சைப் போட்டு, ஒரு கை நீளத்துக்கு மெல்ல விலக்கிக்கொண்டே போக வேண்டும். திசை மாறி மாறி அடிக்கும் புலம் தூரத்தோடு தேய, திருகின் காந்தமும் தேய்ந்துவிடும். பொருள் மேலே இருக்கும்போதே சுவிட்சை அணைத்தால் காந்தம் முன்னைவிடக் கூடிவிடலாம். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை. ஐந்து நிமிடத்தில் பெட்டி சூடேறிவிடும், ஆறவிடுங்கள்.

160 என்பது 10க்கு இறங்கியது. எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. மறுநாள் ஒரு மாணவர், முனையில் காந்தம் உள்ள ஸ்க்ரூ டிரைவரால் அதே திருகை முடுக்கினார். மீண்டும் 140! ஏறிய காந்தத்தைத்தான் இந்தப் பெட்டி எடுக்கும், ஏற்றுக்கொள்ளும் குணத்தை எடுக்காது.

சூரியனை ஆராயும் இஸ்ரோவின் ஆதித்யா எல்-1 கலத்தில், காந்த உணரிகளைக் கலத்திலிருந்து தள்ளி வைக்க 6 மீட்டர் நீளக் கை உண்டு. 2024 ஜனவரி 11 அன்று அது விரிந்தது. 3 மீட்டரில் ஓர் உணரி, நுனியில் இன்னொன்று. தூரம் இரட்டித்தால் கலத்தின் சொந்தக் காந்தம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும் என்பதால், இரண்டையும் ஒப்பிட்டு அதைக் கழித்துவிடலாம். எங்கள் சிறு செயற்கைக்கோளில் அப்படிக் கை நீட்ட இடமேது? டைட்டானியம் திருகுகளுக்கு மாறிவிட்டோம்.

டீமேக்னடைசர் இப்போதும் தினமும் ஓடுகிறது, ஆனால் கருவிகளுக்காக. காலையில் ஸ்க்ரூ டிரைவர், இடுக்கி, குறடு எல்லாவற்றையும் அதன்மேல் காட்டிய பிறகே மாணவர்கள் கையில் தருகிறேன். இந்த ஒரு வேலைக்காகவே இன்னொன்று வாங்கக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.