பணிச் சபையா, அடைப்பு மடமா?

பெங்களூரு சிவாஜிநகர் பசிலிக்காவில் தமிழ்த் திருப்பலி முடிந்ததும், கன்னியராக விரும்பும் தங்கைகள் கேட்பது இதுதான்: "அக்கா, வேலை செய்யுற சபையில சேரட்டுமா, கார்மேல் சபை மாதிரி, வெளியே வராம உள்ளேயே வாழுற அடைப்பு மடத்துக்குப் போகட்டுமா?"

அன்றாடம்
பணிச் சபை: செபத்தோடு பள்ளி, மருத்துவமனை, சேரி. நம்மூர் மார்த்தா மருத்துவமனையை 1886-ல் தொடங்கியவர்கள் நல்லாயன் கன்னியர்.
அடைப்பு மடம்: செபமே முதல் பணி. மௌனம், திருப்புகழ்மாலை (நாளின் பல வேளைகளில் சொல்லும் திருச்சபைச் செபம்), இடையில் கைவேலை.

காலம்
பணிச் சபை: நவதுறவகம் (வார்த்தைப்பாட்டுக்கு முந்தைய பயிற்சிக் காலம்) குறைந்தது 1 ஆண்டு, பிறகு தற்காலிக வார்த்தைப்பாடு (கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதலுக்கான வாக்கு), வழக்கமாக 3 முதல் 6 ஆண்டுகள்.
அடைப்பு மடம்: வத்திக்கானின் 2018 விதிப்படி, இறுதி வார்த்தைப்பாடு வரையிலான தொடக்கப் பயிற்சியே 9 ஆண்டுகளுக்குக் குறையாது.

இரண்டிலும் 17 வயது நிறையாமல் நவதுறவகம் இல்லை. நவதுறவி எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, வீட்டாருக்கும் இதை முன்பே சொல்லிவையுங்கள்.

குடும்பம்
பணிச் சபை: விடுப்பில் வீட்டுக்கு வரலாம்.
அடைப்பு மடம்: பெற்றோர்தான் வந்து, பார்வையாளர் அறையில் பார்த்துப் போவார்கள். பல அம்மாக்கள் உடைந்துபோவது இங்கேதான்.

நோயாளியின் கட்டிலருகே மனம் நிறைகிறதென்றால் பணிச் சபை. ஆளில்லாத கோவிலில் நற்கருணை முன் உட்கார்ந்தால் எழவே மனம் வராது, அதுவும் மாதக்கணக்காக என்றால், அடைப்பு மடத்தில் சில நாள் தங்கிப் பார்க்கக் கேளுங்கள். கல்யாணப் பேச்சுக்குப் பயந்து கிளம்புகிறீர்களா? எங்கும் சேராதீர்கள், முதலில் ஆன்ம வழிகாட்டியிடம் மனம்விட்டுப் பேசுங்கள்.